டேட்டா ஸ்டோரி யோசனைகளைக் கூடிப் பேசித் தேர்ந்தெடுப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம். ஒரு நாளிதழுக்குப் பதினோரு வருடம் பகுதி நேர நிருபராக ஓடினேன். இரண்டு வருடமாக அது இல்லை. இப்போது ஏழு பேர் சேர்ந்து காவிரி டெல்டாவைப் பற்றி டேட்டா ஸ்டோரிகள், அதாவது எண்களை அலசி எழுதும் செய்திக் கட்டுரைகள், செய்யப் பார்க்கிறோம். என்னையும் சேர்த்து மூன்று நிருபர்கள், திருவாரூரில் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், பாபநாசத்தில் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் ஒரு பையன், புள்ளிவிவர வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, தலைஞாயிறு பக்கத்து விவசாயி ஒருவர். அவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

மாதம் இரண்டாம் ஞாயிறு ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்ட பெஞ்ச், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முதுகு தாங்காது. பத்து மாதத்தில் ஷீட்டில் 31 யோசனை ஏறியிருக்கிறது. வெளியே வந்தது இரண்டு. அதில் ஒன்றை வெளியிட்ட ராத்திரியே நீக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கதையைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

சம்பா அறுவடை முடிந்ததும் 40 விவசாயிகளிடம் இரண்டு விஷயம் கேட்டோம். வயலில் எவ்வளவு கண்டது, அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் (டிபிசி) எவ்வளவு போட்டீர்கள். முதலாவதுக்கு அவர்கள் வாயால் சொன்ன கணக்கு, இரண்டாவதுக்கு பில்லின் போட்டோ. இரண்டையும் ஷீட்டில் 'மூட்டை' என்றே தலைப்புக் கொடுத்து ஏற்றினோம். பார்த்தால் 28 பேர் விளைந்ததைவிட அதிகமாகப் போட்டிருக்கிறார்கள்! வெளியூர் வியாபாரி நெல்தான் விவசாயி பேரில் உள்ளே போகிறது என்று எங்களுக்கு ஒரே பரபரப்பு. 'யாருடைய நெல்?' என்று தலைப்பு வைத்து, கிராஃப் போட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியிட்டோம்.

ஒன்பதரைக்கு நீடாமங்கலம் பக்கத்திலிருந்து போன். "ஏன் தம்பி, மூணு மாவுல, ஒரு ஏக்கர்தான், முப்பத்தாறு மூட்டை கண்டேன். நாலை வீட்டுக்கு வச்சுக்கிட்டு மிச்சத்த டிபிசில போட்டேன். நாப்பத்தெட்டுன்னு பில்லு குடுத்தாங்க. என்னைய வியாபாரி ஆக்கிட்டீங்களே."

கையில் கிடைத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வயலில் சொல்கிற மூட்டை 60 கிலோ. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. 32 மூட்டை என்றால் 1,920 கிலோ, அதை நாற்பதால் வகுத்தால் 48. ஒரு கிலோ கூட இடிக்கவில்லை. அன்று இரவே எடுத்துவிட்டு, 28 பேருக்கும் மறுநாள் தனித்தனியாகப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஷீட்டில் ஏறியதும் மறந்துவிட்டது.

எனக்கு உறைத்தது இதுதான். வெளியிடுவதற்கு முன் அந்த வரைவு நாலு நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. நாலு கட்டைவிரல், இரண்டு 'அருமை', ஒரு 'சூப்பர் தோழர்' (அது நானே எனக்குப் போட்டுக்கொண்டது). மாமாவும் கட்டைவிரல்தான் போட்டிருந்தார். பிறகு கேட்டபோது சொன்னார்: "சிப்பம் வேற மூட்டை வேறன்னு எனக்குத் தெரியும்தான். நீங்கல்லாம் படிச்சவங்க, கிராஃப்ல அப்படித்தான் போடுவீங்கன்னு நெனச்சேன்."

இன்னும் சில சங்கடங்கள். எங்களில் மூத்த நிருபர் அண்ணன் எந்த யோசனையை எடுத்தாலும் காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கர்நாடகம் விடும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி எப்படி 177.25 ஆனது என்று போய்விடுவார். எல்லாம் சரியான தகவல்தான், ஆனால் நாற்பது நிமிடம் போய்விடும். இன்னொருவர் எங்கள் கூட்டத்தில் பேசிய யோசனையைத் தன் பத்திரிகையில் தனிச் செய்தியாகப் போட்டுவிட்டார். வயதில் மூத்தவர் கொண்டுவரும் யோசனை தேறாது என்று தெரிந்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

இதற்கு ஒரு முறை வேண்டும். எழுதிக் கொண்டுவரச் சொல்வதா, பேசினால் போதுமா? யார் முதலில் பேசுவது? வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது? அடுத்த கூட்டத்தில் அண்ணனின் யோசனை வருகிறது: 'மேட்டூர் அணை தாமதமாகத் திறந்தால் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) எவ்வளவு குறைகிறது?' அதையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொன்னாலும் சரி.


பாமணியாறு:

தம்பி, 28 பேருக்கும் போன் பண்ணியது நல்ல காரியம். நான் ஆறு வருடம் ஓர் இணைய இதழில் இந்த வேலையைத்தான் பார்த்தேன். நீங்கள் சொன்ன அத்தனை தப்பும் நாங்களும் பண்ணியதுதான், 'சூப்பர் தோழர்' உட்பட.

நீங்கள் இரண்டு வேலையை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். கேள்வியைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. முடிந்த வரைவைச் சரிபார்ப்பது இன்னொன்று. எல்லோரும் இரண்டாவதில்தான் கருத்துச் சொல்ல வருவார்கள். அதற்குள் எழுதியவருக்கு அதன் மேல் பாசம் வந்திருக்கும், பார்க்கிறவருக்கும் மனசு வராது. மூட்டையும் சிப்பமும் முதல் கூட்டத்திலேயே மாட்டியிருக்க வேண்டியவை.

நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்டது அரைத்தாள். ஒரு யோசனைக்கு அரைத்தாள், கையால் எழுதியது, மூன்று நாள் முன்னால் எல்லோருக்கும் போய்விட வேண்டும். அதில் கேள்வி ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும், கேள்விக்குறியோடு முடிய வேண்டும். 'காவிரியும் குறுவையும்' என்பது கேள்வி இல்லை, கருத்தரங்கத் தலைப்பு. அடுத்து, தரவு யாரிடம் இருக்கிறது, இன்று கையில் உள்ளதா, மனுப் போட்டு வாங்க வேண்டியதா. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) என்றால் பதிலுக்கே 30 நாள். அப்படியானால் முதலில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுவை அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு பேசலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: உங்கள் ஷீட்டில் ஒரு வரிசை என்பது என்ன? ஒரு விவசாயியா, ஒரு வயலா, ஒரு பில்லா, ஒரு நாளா? இதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். உங்களிடமும் யாராவது கேட்டிருந்தால், "ஒரு வரிசை ஒரு விவசாயி, இந்தக் கட்டத்தில் அவர் சொன்ன மூட்டை, அடுத்ததில் பில்லில் உள்ள சிப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பீர்கள். சொல்லும்போதே மாமா நிமிர்ந்திருப்பார்.

கடைசியாக, நினைத்தது நடக்காவிட்டால் மிஞ்சுவது என்ன? தாமதத்துக்கும் குறுவைக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரியவந்தால், அதுவும் ஒரு ஸ்டோரியா? இல்லை என்றால் யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்காரர் தான் நினைத்தது வரும்வரை ஷீட்டைப் பிழிந்துகொண்டே இருப்பார்.

கூட்டத்தில் நாங்கள் வைத்திருந்த வழக்கம்: யோசனை கொண்டுவந்தவர் இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, குறிப்பெடுக்கலாம். கம்ப்யூட்டர் குறைவாகத் தெரிந்தவர்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் குழுவில் அது மாமா. ஐடி தம்பி கடைசி. இந்த வரிசையை மாற்றினால் மாமா மறுபடி கட்டைவிரல்தான் போடுவார். ஒவ்வொருவரும் ஒரு சந்தேகம், நேரில் பார்க்க வேண்டிய ஓர் ஆள் அல்லது இடம் சொல்ல வேண்டும். 'அருமை' என்றவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். எங்கள் ஆபீஸில் முதல் மாதம் டீ கணக்கு நன்றாக ஏறியது.

வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களிடம் ஒரு வார்த்தை இருந்தது, 'தரிசு'. யோசனையை அடிப்பதில்லை, தரிசாகப் போடுகிறோம். ஏன் போட்டோம், எது கிடைத்தால் மறுபடி உழலாம் என்று ஷீட்டில் ஒரு வரி. மூத்தவர்கள் இதற்குக் கோபித்ததே இல்லை. தரிசு போட்ட நிலமும் பட்டாதாரருடையதுதானே.

அண்ணனின் மேட்டூர் கேள்விக்கு வருகிறேன். வழக்கமான தேதி ஜூன் 12. 2017-இல் அக்டோபர் 2, 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13. 2020, 2021 இரண்டும் ஜூன் 12. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023 மறுபடி ஜூன் 12, 2024 ஜூலை 28, 2025 ஜூன் 12. தேதிகள் எளிதாகக் கிடைக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம். எளிதாகக் கிடைக்கிற எண்ணை வைத்துக் கேள்வியை வளைத்துவிடுகிறோம். போர்வெல் உள்ளவர் அணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார், மே மாதமே நாற்று விட்டுவிடுவார். ஆகவே மாவட்டத்தின் குறுவைப் பரப்பு குறையாமல் இருக்கலாம், வாய்க்கால் முடிகிற கடைமடையில் ஒருவர் கூட நடாமலும் இருக்கலாம். அணை திறப்பதும் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதும் ஒன்றல்ல. கல்லணையே மூன்று நான்கு நாள் கழித்துத்தான் திறக்கும், அதற்குப் பிறகு தலைஞாயிறு எவ்வளவு தூரம்! மாமாவைக் கேளுங்கள்.


காற்புள்ளி:

பாமணியாறு அக்கா சொன்னதற்கு மேல் முறை பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தரவுப் பக்கம் சில.

மாவட்ட வாரியாக நீண்ட தொடர் எடுத்தால் கவனம். 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் வந்தது, 2020-இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை. இதைக் கணக்கில் எடுக்காமல் தஞ்சாவூர் நெல் பரப்பைக் கோடு போட்டால், தொண்ணூறுகளில் மாவட்டமே கடலில் மூழ்கியது போல இருக்கும். நானே அப்படி ஒரு கிராஃப் போட்டு, காரணம் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஞாயிறு இரவு கொட்டிய மழை திங்கள்கிழமை பேரில்தான் பதிவாகும். வெள்ளச் செய்தித் தேதியோடு ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளி நிற்கும்.

பழைய அரசு பிடிஎஃப்கள் பல, யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருக்கும். காப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அதை மாற்ற எத்தனை மணி நேரம் என்பதை யோசனை கட்டத்திலேயே எழுதுங்கள். எங்கள் குழுவில் பாதி யோசனைகள் செத்தது அங்கேதான்.

மூல ஃபைலை யாரும் தொடக் கூடாது, பிரதி எடுத்துத்தான் வேலை. தலைப்பில் வரப்போகும் எண்ணை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் ஷீட்டை ஒருவர் பார்க்காமல் கணக்கிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வெளியீடு இல்லை. நெடுவரிசைத் தலைப்பில் அலகு இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். 'மூட்டை' அல்ல, 'மூட்டை, 60 கிலோ'.


பழைய கணக்கு:

அரைத்தாள், பத்து நிமிட மௌனம், டீ அபராதம். படிக்க நன்றாக இருக்கிறது. நான் முப்பது வருடம் படிவங்களோடு வாழ்ந்தவன். படிவம் வந்த அன்றே அதை நிரப்பத் தெரிந்தவன்தான் பேசுவான், விஷயம் தெரிந்தவன் ஒதுங்கிவிடுவான். உங்கள் மாமா கையால் எழுதிக் கொண்டுவருவாரா? அவர் டீக்கடையில் சொல்லட்டும், வேறு யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

கிராமக் கணக்கெல்லாம் பசலி ஆண்டில் ஓடும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. இதை ஜனவரி முதல் டிசம்பர் என்று நினைத்துக்கொண்டு மழையோடு சேர்த்துப் பார்த்தால் எல்லாம் கோணல். பரப்பைச் சிலர் மாவில் சொல்வார்கள், சிலர் ஏக்கரில், அலுவலகத்தில் ஹெக்டேரில். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. சென்னையில் உட்கார்ந்து கிராஃப் போடுகிறவருக்கு வேலி என்றால் முள்வேலிதான்.


பாமணியாறு:

ஐயா சொன்னது சரி. கையால் எழுதத்தான் வேண்டும் என்பதில்லை. எங்களிடமும் ஒருவர் வாய்ஸ் மெசேஜில்தான் அனுப்புவார், இன்னொருவர் அரைத்தாளில் இறக்கித் தருவார். ஆனால் மூன்று நாள் முன்னால் என்பதை விடாதீர்கள்.

யோசனை திருடு போனது பற்றி ஒன்று. 2016-இல், வெளிநாட்டு ரகசிய நிறுவனங்கள் பற்றிக் கசிந்த பனாமா ஆவணங்களில் 370-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள், 1.15 கோடி ஆவணங்களை வைத்துக்கொண்டு, குறித்த நாள் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் ஏழே பேர். அரைத்தாளின் கீழே, இந்தத் தேதி வரை யாரும் தனியாக வெளியிடுவதில்லை, பெயர் இந்த வரிசையில் வரும், தரிசான யோசனையை அவரே எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எடுத்துக்கொண்டு போனவர் கெட்டவர் என்று முடிவு கட்டாதீர்கள். எழுதி வைக்காத இடத்தில் பகுதி நேர நிருபருக்கு வேறு என்ன வழி, அவருக்கு லைனுக்கு இவ்வளவு என்றுதானே கூலி.


வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் அரைத்தாளோடு வந்தார், இரண்டு பக்கமும் நிறைய எழுதி. இரண்டு நிமிடம் பேசச் சொன்னோம், ஐந்து எடுத்துக்கொண்டார். அப்புறம் பத்து நிமிடம் அவர் பேசாமல் இருந்ததைப் பார்க்க வேண்டுமே! போனில் டைமர் ஓடுகிறது, அவர் இரண்டு டீ குடித்தார், மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். நடுவர் மன்றம் என்ற சொல்லே இல்லாமல் நாங்கள் நடத்திய முதல் கூட்டம்.

மாமாதான் முதலில் பேசினார். வழக்கமாக, "நீங்க பாத்து பண்ணுங்க" என்பவர், இந்த முறை பேசித்தான் ஆக வேண்டும் என்றதும் சொன்னார்: "அணை தொறந்த தேதிய வச்சு நான் என்ன பண்ண? எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்த தேதிய நான் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன்."

எல்லோரும் அப்படியே பார்த்தோம். பத்து மாதமாக எங்களோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் கேட்டதில்லை.

மறுநாளே நானும் பாபநாசத்துத் தம்பியும் தலைஞாயிறு போனோம். உரக்கடையில் வருடா வருடம் தரும் மாதக் காலண்டர்கள், பரணில் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். தண்ணீர் வந்த நாள் கட்டத்தில் நீல மையில் 'தண்ணி'. முறைப்பாசனத்தில் (முறை வைத்துத் தண்ணீர் விடுவது) தண்ணீர் நின்ற நாளுக்கு ஒரு குறுக்குக் கோடு. 2017 முதல் இருக்கிறது, 2019 மட்டும் இல்லை. அத்தையிடம் கேட்டால் அது அடுப்படி அலமாரியில் விரித்திருக்கிறது. உப்பு ஜாடி, புளிப் பானை எல்லாவற்றையும் இறக்கி வைத்துப் பார்த்தோம். ஆகஸ்ட் தாளில் 'தண்ணி' இருக்கிறது. ஆனால் ஜாடியின் ஈரத்தில் மை பரவி, அது 23-ஆம் கட்டமா அதற்குக் கீழே 30-ஆ என்று தெரியவில்லை. மாமா 30 என்கிறார். அத்தை, "ஆவணி முதல் வாரம்தான், எனக்கு ஞாபகம் இருக்கு, என் தங்கச்சி வளைகாப்பு" என்கிறார். ஆவணி முதல் வாரம் என்றால் 23-தான் சரி. ஷீட்டில் இரண்டு தேதியும் போட்டு, பக்கத்தில் 'தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறோம்.

கேள்வி இப்போது இப்படி மாறியிருக்கிறது: 'அணை திறந்து எத்தனை நாளில் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது, வந்த பிறகு அங்கே நடுவதற்கு நாள் மிச்சம் இருக்கிறதா?' ஒரு வரிசை என்பது ஒரு வாய்க்கால், ஒரு வருடம். அண்ணன் தன் யோசனையை விட்டுக்கொடுத்துவிட்டதாகவே நினைக்கவில்லை. தன் பெயர் முதலில் வர வேண்டும் என்றார், சரி என்றோம். மாமா பெயர் இரண்டாவது. பழைய கணக்கு ஐயா சொன்னபடி மாமா பேசினார், புள்ளிவிவர அம்மா எழுதிக்கொண்டார்.

ஆனால் ஒரே ஒருவருடைய காலண்டரை வைத்து ஸ்டோரி எழுத முடியாது. பாலிடெக்னிக் சார் குறைந்தது பத்து வாய்க்காலாவது வேண்டும் என்கிறார். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, கீழையூர் பக்கம் இப்படித் தேதி குறித்து வைக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் சொல்லுங்கள். காலண்டர், டைரி, உரக்கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், எதுவானாலும் சரி. அலமாரியில் விரித்திருந்தாலும் பரவாயில்லை, ஜாடிகளை நாங்களே இறக்கி வைத்துவிட்டு மறுபடி அடுக்கித் தருகிறோம்.